தங்க முனை வயரும் ஐரீனின் முதுகும்

வால்டர் என் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து, என் பஞ்சைக் கிள்ளி, கம்ப்யூட்டர் வயரின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முனையில் எட்டுச் சின்னப் பற்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைத்தார். இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். ஊசி போடுமுன் இத்தனை பக்தியாகத் துடைத்த டாக்டரைக் கண்டதில்லை.

"அது ஐரீன் முதுகுக்கு வாங்கின ஸ்பிரிட், சார்."

"ஒரு சொட்டுதான் சிஸ்டர். இதுல கீற அழுக்குதான் பாட்டைக் கெடுக்குது."

இது 2007இல், ராயபுரத்தில். வால்டர் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் உழைத்தவர். கப்பலிலிருந்து இறக்கும் சரக்குக்குக் கம்பிக்கயிறு கட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி. தான் கட்டிய சுமை ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை என்பார். அதை மறுத்து யாரும் பேசிக் கேட்டதில்லை. அவர் ஓய்வு பெற்ற வருடமே மனைவி ஐரீனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் போயிற்று, பேச்சு மிஞ்சியது. பகலும் இரவும் கூட இருந்து பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள்.

ஐரீன் கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடியவள். அவளுக்காகத்தான் வால்டர் பிராட்பேண்ட் போட்டார். நாள் முழுக்க ஆர்கனும் கூட்டுப்பாடலும் ஒலிபரப்பும் வெளிநாட்டு வானொலி ஒன்று கம்ப்யூட்டரில் கிடைத்தது. முதல் வாரம் இருவரும் நிம்மதியாகக் கேட்டார்கள். இரண்டாவது வாரம் துரை வந்தான்.

துரை ஸ்பீக்கர் கடை வைத்திருப்பவன். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பாட்டு மூச்சு முட்டிகினு வருது அண்ணாத்த" என்றான். மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போட, விரல் மொத்தத்தில் ஒரு வயர் விற்றான். முனையில் தங்க முலாம். பாட்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மேலே அம்புக்குறி. அடுத்த மாதம், பாட்டை வடிகட்ட ஒரு கறுப்புப் பெட்டி.

வால்டருக்கு இதெல்லாம் உடனே பிடித்துப்போனது. மெல்லிய கயிற்றில் பெரிய சுமை தூக்கினால் கயிறு முனகும் என்பது அவர் கற்ற பாடம். சரக்கை வெறுந்தரையில் வைக்கக் கூடாது, அடியில் கட்டை கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆகவே முன்னறையிலிருந்து படுக்கையறை வரை, அடிக்கு ஒரு மரக்கட்டை வைத்து, வயரை அதன்மேல் படுக்க வைத்தார். நான் கையில் பெட்பேனோடு அதைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

டெலிபோன் லைன் பார்க்க வந்த லோகநாதனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். "பாட்டு நம்பரா வருதும்மா. வந்தா முழுசா வரும், வராங்காட்டி நின்னு நின்னு வரும். தந்திக் கம்பியைத் தங்கத்துல போட்டா சாவு சேதி நல்ல சேதியா ஆயிடுமா?"

வால்டரிடம் சொன்னேன். "அவனுக்கு இன்னா தெரியும் மியூசிக்கைப் பத்தி?" என்றார்.

அதுவரை எனக்குச் சிரிப்புதான். துரையின் கண் காற்றுப் படுக்கையின் மோட்டார்மேல் விழுந்ததும் சிரிப்பு நின்றது. ஐரீனின் உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாமல், அறை அறையாகக் காற்றை மாற்றிக் கொடுக்கும் மோட்டார் அது. "இதுதான் கரண்டைக் கலீஜ் பண்ணுது" என்றான். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், பாட்டுக்காக மோட்டார் நிறுத்தப்பட்டது. அந்த நேரம் ஐரீனைத் திருப்பவும் கூடாது. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் தலை இருக்க வேண்டுமாம்.

ஒரு வாரத்தில் இடுப்புக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. இப்படியே விட்டால் தோல் கிழியும், புண் எலும்பு வரை போகும். மூன்று முறை சொன்னேன். "அவளுக்காகத்தானே சிஸ்டர் இதெல்லாம்" என்றார்.

ஐரீனிடம் கேட்டேன். "உனக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"மொத நாள் எப்டி கேட்டுச்சோ அப்டியேதான் கேக்குது அக்கா. சொன்னா அவரு மூஞ்சி தொங்கிப்பூடும்."

"உன் முதுகைவிட அவர் மூஞ்சி பெரிசா?"

அவள் வலது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிறு மாலை, துரை பாட்டுக் கேட்க வருவதற்குள், வால்டர் குளிக்கப் போன நேரத்தில் பழைய மெல்லிய வயரை மாட்டினேன். தங்க முனையை மேசைக்குப் பின்னால் சும்மா தொங்கவிட்டேன். கறுப்புப் பெட்டியையும் கழற்றி ஓரமாக வைத்தேன். மோட்டாரைச் சமையலறை பிளக்கில் ஓடவிட்டு, கட்டிலடியில் போர்வையால் மூடினேன்.

பாட்டு ஆரம்பித்தது. துரை கண்ணை மூடினான். "மோட்டாரை நிறுத்துனதும் பாத்தியா அண்ணாத்த? ஒவ்வொரு கொரலும் தனித்தனியா நிக்குது."

"ஆமா நைனா. இன்னிக்குத்தான் கரீக்டா கீது" என்றார் வால்டர்.

நான் போர்வையை விலக்கினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னாலிருந்து தங்க முனையை எடுத்து வால்டர் கையில் கொடுத்தேன்.

முதலில் சுதாரித்தவன் துரைதான். "அது... நல்ல வயரு இத்தினி நாள் இருந்துச்சில்ல, மிசினு பழகிக்கிச்சி."

"அப்போ பழகின மிசினே போதும்" என்றாள் ஐரீன். "நீ வயரைச் சுத்தி எடுத்துகினு கெளம்பு துரை."

அவன் போனபின் வால்டரைக் கூப்பிட்டு, ஐரீனைச் சாய்த்து முதுகைக் காட்டினேன். அதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ அவ்ளோ சந்தோசமா இருந்தே" என்றாள்.

"தோலு கீஞ்சிடுமா சிஸ்டர்?"

"மேல அழுத்தம் படாம பார்த்துக்கிட்டா ஆறும். உங்க கையும் வேணும். என் ஒருத்தியால தூக்க முடியலை."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, நான் கூப்பிடுமுன் வால்டர் குளித்துவிட்டு வந்து கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். அடியில் விரித்த துணியை எப்படிச் சுருட்டிப் பிடிப்பது என்று ஒரு தடவைதான் காட்டினேன். இழுக்கக் கூடாது, உரசாமல் தூக்க வேண்டும் என்றேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவரே சொன்னார். தூக்கி வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. சிவப்பு குறையவில்லை, கூடவும் இல்லை. அடுத்து எட்டு மணிக்கு என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகிலேயே உட்கார்ந்தார்.