புதூர்நாட்டுக்கு மேலே ஒரு வெளியுறவுக் கொள்கை

காலை ஆறரைக்குத் திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில், ஜவ்வாது மலைமேல் போகும் புதூர்நாட்டு வண்டி ஏறினேன். கட்டணம் இரண்டு ரூபாய் நாற்பது காசு. எண்பத்து மூன்றாம் வருடம், தை மாதம். சென்னையில் சர்வதேச உறவுகளும் உலகப் பண்பாடுகளும் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்நியரைச் சமூகங்கள் வரவேற்கும் விதம் பற்றிய என் ஆய்வேட்டு அத்தியாயத்தைப் பேராசிரியர் மூன்றாம் முறையும் திருப்பித் தந்திருந்தார். "எல்லாம் நூலக வாசனை. ஓர் ஊருக்காவது போய்விட்டு வா," என்றார். பத்து நாளில் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. மதுரையில் காத்திருந்த விரிவுரையாளர் வேலையும் போச்சு.

"மலையில இன்னா வேலங்க?" என்றார் நடத்துநர்.

"உலகப் பண்பாடு படிக்கிறேன். அதற்காகத்தான்."

"உலகம் அந்தாண்ட கீதுங்க. நீங்க இந்தாண்ட வர்றீங்க," என்று சொல்லி, வாந்தி வந்தால் எட்டிப் பார்க்க வசதியாக ஜன்னலோரம் உட்கார வைத்தார். மூன்றாவது வளைவிலேயே அந்த வசதி தேவைப்பட்டது.

புதூர்நாட்டில் இறங்கி நான்கு மைல் நடை. சாமை அறுத்து முடிந்த கொல்லைகளின் நடுவே பாதை ஏறியது. பதினொரு மணிக்கு ஊருக்குள் நுழைந்து, நேராக ஊர்ப் பொதுவெளியான நடு மந்தைக்குப் போய் நின்றேன். சாமை குத்திக்கொண்டிருந்த ஒரு பெண் உலக்கையை நிறுத்தினார்.

"ஏ பொண்ணு! மாரியாத்தா எதிர்ல இன்னா செருப்போட நிக்கிற? ஊர் எல்லையிலயே கழட்டணும்!"

ஜப்பானிய வீட்டு வாசலில் காலணி கழற்றும் முறை பற்றி எழுதி, பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கியவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. செருப்பை எல்லையில் விட்டுவிட்டு வந்து, அம்மன் முன் விழுந்து கும்பிட்டேன். உலக்கைக்காரர் பெயர் குப்பம்மாள். அதற்குப் பிறகு அவர் வீட்டிலேயே எனக்குக் களியும் படுக்கையும் கிடைத்தன.

ஆனால் கேள்வி கேட்க ஊர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நடக்காது. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு ஒருவராகக் கூடினார்கள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முந்திக்கொண்டு என்னைக் கேட்டார்.

"உங்க ஊர்ல தெரியாத ஆள் வந்தா இன்னாம்மா பண்ணுவீங்க?"

புத்தகப் பதில்கள் நிறைய இருந்தன. வாயில் உண்மைதான் வந்தது. "கதவைத் திறக்காமலே யார் என்று கேட்போம், ஐயா. பதில் பிடிக்கவில்லையென்றால் திறக்கவே மாட்டோம்."

மந்தையே சிரித்தது. "அப்ப நாங்க தேவல," என்றார் கவுண்டர். "கேளு, எழுதிக்கோ. ஆனா போறப்போ எழுதினத எங்களுக்குப் படிச்சுக் காட்டணும். எல்லாரும் சரின்னாத்தான் நோட்டு உன்னோட வரும்."

மூன்று நாளில் நாற்பது பக்கம் எழுதினேன். நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு மறுபடி கூடினார்கள். நோட்டு இங்கேயே நின்றுவிட்டால் என் கதி என்ன? முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 'இம்மக்கள் வருவோர் அனைவரையும் உறவினராகவே ஏற்பவர்கள்' என்ற வரி வந்ததும் குப்பம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"அது பொய்யி. போன வருசம் வெட்டறதுக்கு மரம் பாக்க வந்தவன மூணே நாள்ல தொரத்துனோம். அத்தயும் எழுது."

"உங்களைப் பற்றி நல்லதாக இருக்கட்டும் என்றுதான்..."

"ரொம்ப நல்லவங்களா எழுதாதம்மா. அத்தப் படிச்சுட்டு அவனவன் பைய எடுத்துனு வந்துடுவான். யார வுடணும், யார வுடக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும்."

இரண்டு வருடமாக நாடுகளின் வெளியுறவுக் கொள்கைகளைப் படித்த நான் அந்த வரியை அடித்தேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிப் படித்தேன். தலைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. கவுண்டர் நோட்டை என் கையில் கொடுத்தபோது, அப்பாடா, இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. மலையிறங்கும் வண்டியில் வாந்திகூட வரவில்லை, நன்றாகத் தூங்கிப் போனேன்.

சென்னையில் பேராசிரியர் குப்பம்மாள் சொன்ன அந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினார். "இதைச் சொன்ன அறிஞர் யார்? அடிக்குறிப்பில் காணோமே?"

அங்கேயே பேனாவை எடுத்து, வெளிநாட்டுப் பேராசிரியர்களின் பெயர்களுக்குக் கீழே எழுதினேன்: குப்பம்மாள், சாமை விவசாயி, ஜவ்வாது மலை. அத்தியாயம் அதன்பின் திரும்பி வரவில்லை.