கயிறு பிடித்தவர்கள்

இரத்த வகை பார்க்கும் வெள்ளைப் பீங்கான் தட்டை ஏந்தி மெல்ல அசைக்கும்போது உதட்டுக்குள் பதிகம் ஓதுவது என் வழக்கம். அது பக்தியால் மட்டும் வந்ததன்று. எங்கள் சோதனைச்சாலையின் சுவர்க்கடிகாரம் உப்புக்காற்றில் துருவேறி அடிக்கடி நின்றுவிடும். இரத்தத்துளியும் சீரத்துளியும் கலந்தபின், அவை சேர்ந்து ஓடுகின்றனவா, அல்லது மணல்மணலாகத் திரள்கின்றனவா என்று உறுதியாகச் சொல்லச் சில நிமிடங்கள் பொறுத்தாக வேண்டும். இளமையில் தந்தையார் என்னைச் சந்நிதியில் நிறுத்தி ஓதுவித்த பாடல்களில் நான்கை, இழுக்காமலும் விரையாமலும் ஓதி முடித்தால் அந்தப் பொழுது சரியாகக் கழியும். என்னோடு பணியாற்றிய உதவியாளர், கிறிஸ்தவர், என் உதடுகள் ஓய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "சாமி பாட்டு முடிஞ்சதுங்களா சார்? எழுதலாமா?" என்று கேட்டுப் பேனாவைத் திறப்பார்.

ஐம்பதுகளின் கடைசி ஆண்டுகள். சென்னையில் இரத்த வங்கிப் பயிற்சியை முடித்து இராமநாதபுரத்துக்கு வந்திருந்தேன். வங்கி என்று நாங்கள் மதிப்பாகச் சொல்லிக்கொண்டது ஓர் அறையும், மண்ணெண்ணெயில் இயங்கும் ஒரு குளிர்பெட்டியும், அதற்குள் இருந்த சில கண்ணாடி பாட்டில்களுந்தாம். வகை பார்க்கும் சீரம் சென்னையிலிருந்து ரயிலில், பனிக்கட்டி அடைத்த பிளாஸ்கில் வரும். வந்து சேரும்போது சில வேளை பனிக்கட்டி வெந்நீர்ப் பதத்தில் இருக்கும். ஆகவே சீரத்தை முதலில் சந்தேகிப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

அன்று காலை, கீழக்கரைக்கு மேற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பிரசவம். குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பிரசவ வார்டின் பெண் மருத்துவர் பெரும்பாடுபட்டு அதை நிறுத்தினார். ஆனால் அதற்குள் அந்த உடலில் எஞ்சியிருந்தது மிகக் குறைவு. "உப்புநீர் ஏத்திக்கிட்டிருக்கேன் டாக்டர். இரத்தம் வேணும். பொழுது சாயறதுக்குள்ள வேணும்" என்று சொல்லியனுப்பினார்.

மாதிரியை எடுத்துச் சோதித்தேன். ஓ வகை. மனம் குளிர்ந்தது, குளிர்பெட்டியில் ஓ வகைப் பாட்டில்கள் நான்கு இருந்தன. முதற்பாட்டிலின் இரத்தத்தை, அந்தப் பெண்ணின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தோடு பொருத்திப் பார்த்துத் தட்டை அசைத்தேன். முதற்பாடல் பாதிகூட முடியவில்லை. தயிர் முறிந்தாற்போல் திரண்டுவிட்டது.

இரண்டாவது பாட்டிலும் திரண்டது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. பொருந்தாத இரத்தத்தை ஏற்றினால், காப்பாற்றக் கொடுத்ததே அவரைக் கொன்றுவிடும்.

வழக்கம்போல முதலில் சென்னைச் சீரத்தைச் சந்தேகித்து வகையை மறுபடி பார்த்தேன்; அதே ஓ. பிறகு என் கையைச் சந்தேகித்தேன். தட்டை வேறு நீரில் கழுவினேன். உப்புநீரைச் சந்தேகித்தேன்; புதிதாகக் கலந்தேன். சன்னற்காற்று துளிகளை உலர்த்துகிறதோ என்று கதவுகளைச் சாத்தச் சொன்னேன். எல்லாம் செய்தும் திரளல் மாறவில்லை.

வாசலில் அவருடைய கணவரும் தமையனும் தாயும் நின்றிருந்தார்கள். கணவர் சங்கு குளிப்பவர். அகன்ற மார்பு, வெயிலிலும் உப்பிலும் வெளிறிய தலைமுடி. நான் வெளியே வந்ததும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தார்.

"எம் ரத்தத்தை எடுங்க அய்யா. எம்புட்டு வேணுமோ எடுங்க."

அவர் இரத்தமும் திரண்டது. பெற்ற தாயின் இரத்தத்தையும் பார்த்தேன். அதுவும் திரண்டது. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "எம் வயித்துல பொறந்த புள்ளைக்கு எம் ரத்தம் சேரலைங்கிறீங்களா?" என்று கேட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே வந்து, செய்ய மறந்த ஒன்றைச் செய்தேன். அந்தப் பெண்ணின் சீரத்தை அவருடைய இரத்தத்தோடேயே சேர்த்துப் பார்த்தேன். நான்கு பாடல்களும் முடிந்தன. துளி தெளிவாக ஓடியது. ஆகவே அவருடைய சீரம் கெடவில்லை. என் கையும் தவறவில்லை. உலகத்தார் எல்லாருடைய இரத்தத்தையும் அந்த உடல் அந்நியம் என்று தள்ளுகிறது, தன்னுடையதைத் தவிர. அப்போதுதான், சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவ ஏட்டில் படித்த ஒரு குறிப்பு நினைவுக்கு வந்தது. ஓ வகைபோலத் தோன்றி, ஓ வகையையும் ஏற்காத சிலரைப் பம்பாயில் கண்டறிந்திருந்தார்கள். அத்தகையோருக்கு அத்தகையோரே கொடுக்க முடியும். தேட வேண்டிய முதல் இடம், உடன்பிறந்தார்; அதிலும் பெற்றோர் இரத்த உறவினராக இருந்தால் வாய்ப்பு மிகுதி.

வெளியே ஓடினேன். "உங்க வாப்பாவும் உம்மாவும் சொந்தத்துல கட்டினவங்களா?" என்று தமையனைக் கேட்டேன்.

"ஆமாங்கய்யா. மாமன் மக, மாமி மகன். ஏன், அதுல என்ன குத்தம்?"

"குத்தம் ஒண்ணுமில்ல. உள்ள வாங்க."

அவர் அசையவில்லை. கணவர் அவர் தோளைத் தள்ளினார். "போங்க மச்சான்." பிறகு என்னிடம், "பயந்த ஆளுங்கய்யா. பெருநாளைக்கு ஆடு அறுக்கயில கண்ணைப் பொத்திக்கிட்டு நிப்பாரு. ஆனா எனக்குக் கயிறு பிடிக்கிறது இவருதான்" என்றார்.

அந்தக் கரையின் வழக்கம் அது என்று பின்னர் விளக்கினார். சங்கு குளிக்க இறங்குபவனின் இடுப்புக்கயிறு மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் இருக்கும். தங்கையைக் கைம்பெண்ணாக்க எந்த அண்ணனுக்கும் மனம் வராது என்பதனால் அப்படி. கடலடியில் இருப்பவன் கயிற்றைச் சுண்டினால், மேலிருப்பவன் அந்தக் கணமே இழுத்தாக வேண்டும். "இவரு கையில கயிறு இருந்தா நான் எத்தனை பாகமும் எறங்குவேன்" என்றார் கணவர். பாகம் என்பது கடலாழத்துக்கு அவர்கள் அளவு, இரு கை விரித்த நீளம்.

தமையன் இரத்தத்துளியைத் தங்கையின் சீரத்தோடு சேர்த்தேன். நான்கு பாடல்கள் முடிந்தன. நம்பாமல் ஐந்தாவதையும் ஓதினேன். பட்டுப்போல ஓடியது துளி. உதவியாளர் பேனாவைத் திறக்க மறந்து நின்றார்.

அவரை மரக்கட்டிலில் படுக்கவைத்தோம். ஊசியைப் பார்த்ததும் உதடு வெளுத்துவிட்டது. கணவர் தலைமாட்டில் குனிந்து, "இங்கன பாக்காதீங்க, மோட்டுவளையைப் பாருங்க. தம்மை நல்லாப் பிடிச்சுக்கங்க மச்சான். தம் உள்ள நின்னா ஒண்ணும் தெரியாது" என்றார்.

பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் தேறுதல் என்றெண்ணி நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஊசி ஏறியது, ரப்பர்க்குழாய் சிவந்தது, பாட்டிலின் அடியில் இரத்தம் சேரத் தொடங்கியது. என் கண்கள் பாட்டிலின்மேலேயே இருந்தன. பாதி நிறைந்தபோது ஓட்டம் தளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், அவர் முகம் கருநீலமாகியிருந்தது. கன்னங்கள் உப்பியிருந்தன. கணவரின் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டு, கடலில் இறங்குபவனைப்போல முடிந்தமட்டும் தம் பிடித்துக் கிடந்திருக்கிறார்! கண்கள் செருகின. ஊசியை உருவினேன். கால்களைத் தூக்கிப் பிடித்தோம்.

"நாந்தான் சொன்னேன், தம் பிடிக்கச் சொன்னேன்" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கடலுக்குள்ள போறவருக்குச் சொல்றதைக் கட்டில்ல படுத்தவருக்குச் சொல்லிட்டீங்களேய்யா" என்றார் உதவியாளர், பாதிக் கோபமும் பாதிச் சிரிப்புமாய்.

சற்றைக்கெல்லாம் தமையன் கண்விழித்தார். விழித்ததும் கேட்டது, "நெறஞ்சிருச்சா?"

அரைப் பாட்டிலை வார்டுக்கு அனுப்பினேன். நாடி கொஞ்சம் எழுந்திருக்கிறது, ஆனால் இது போதாது என்று திரும்பச் சொல்லிவிட்டார்கள். மயங்கி விழுந்தவரிடம் மறுபடி எப்படிக் கேட்பது? தயங்கி நின்றேன். உதவியாளர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிடந்தவர் மற்றக் கையைத் தாமே நீட்டினார்.

"இந்தக் கை சும்மாத்தான அய்யா கெடக்கு. எடுங்க. ஆனா மாப்பிள எம் பக்கத்துல நிக்கணும்."

கணவர் தம் தலைத்துண்டை முறுக்கி, ஒரு முனையை மைத்துனரின் விரல்களில் சுற்றினார். மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டார். "ஒவ்வொரு மூச்சும் விட்டதும் ஒரு சுண்டு சுண்டுங்க மச்சான். சுண்டலைன்னா இழுத்துப்புடுவேன். இன்னைக்கு நீங்க கீழ, நான் மேல."

"மேல நிக்கிறவன் தூங்கிப்புடாதே மாப்பிள."

"நீங்க என்னைக்குத் தூங்கினீங்க, நான் தூங்கறதுக்கு?"

ஊசி ஏறியது. மூச்சு, ஒரு சுண்டல். மேலிருந்து ஒரு மறுசுண்டல். அந்த அறையில் வேறு ஓசையே இல்லை. நான் என்னையறியாமல் பதிகம் ஓதத் தொடங்கியிருந்தேன்; அதன் அடிகள் அந்தத் துண்டின் இழுப்போடு தாமாகவே ஒத்து நடந்தன. தலைமாட்டில் நின்ற கணவரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அவர் ஓதியது வேறு மொழியில், வேறு பெயரைச் சொல்லி. கேட்பவன் ஒருவனே என்பதில் அன்றைக்கு எனக்கு ஐயம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. பாட்டில் தன் அளவுக்கோட்டைத் தொட்டது. அதற்கு மேல் நான் ஒரு துளியும் எடுக்கவில்லை.

பொழுது சாயுமுன் அந்தப் பெண்ணின் நகக்கண்களில் சிவப்பு ஏறியதை வார்டில் கட்டிலருகே நின்று பார்த்தேன்.

அண்ணன் தங்கை இருவர் மாதிரிகளையும் பிளாஸ்கில் வைத்துச் சென்னைக்கு ரயிலேற்றினேன். நான் எண்ணியது சரியே என்று சில வாரங்களில் விடை வந்தது. அதன்பின் என் ஆராய்ச்சி முழுவதும் அந்த வழியிலேயே நடந்தது. சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களைத் தேடிக் கடலாடிப் பக்கமும் ஆர்.எஸ்.மங்கலம் பக்கமும் பேருந்தில் அலைந்தேன், தட்டை அசைத்தேன், எழுதினேன். என் கட்டுரைகளில் அவ்விருவரும் வெறும் எழுத்துகளாகவே இருக்கிறார்கள். அந்தத் துண்டுக்குக் கட்டுரையில் இடம் இல்லை. ஆனால் பின்னாளில் நான் பணியாற்றிய இரத்த வங்கிகள் எல்லாவற்றிலும், கொடுக்க வந்தவர் படுத்ததும், "கையைப் பிடிச்சுக்க ஆள் வந்திருக்கா?" என்று கேட்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை. ஆள் இல்லாதவர்க்கு நானே நின்றேன்.

அந்தப் பெண் வீடு திரும்பும் நாளில் வார்டுக்குப் போனேன். குழந்தை மடியில் உறங்கியது. தாயார் கஞ்சிக் கிண்ணத்தோடு கெஞ்சிக்கொண்டிருந்தார். பெண் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு வாய்கூட எறங்க மாட்டேங்குது அய்யா. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் தாயார்.

பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கு. "அய்யா, எனக்குக் காக்காதான் தர முடியும்னு சொன்னீங்களாமே. காக்காவுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா, யாரு குடுப்பாக?"

"நீங்கதாம்மா. எனக்குத் தெரிஞ்சு வேற யாருமில்ல."

வாசலில், ஒரு கையில் துணிமூட்டையும் மறுகையில் குழந்தையின் தொட்டில்துணியுமாக நின்ற அண்ணனைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"உம்மா, அந்தக் கஞ்சியை இங்கன கொண்டாங்க."