கழுவாத ஜாக்கி

மலையாளக்கரையில் சாலை வேலை நின்றுபோனதும் மயிலாடிக்கு வந்து, கல் ஏற்றி இறக்கும் கூட்டத்தில் சேர்ந்தேன். இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு கோவிலுக்குக் கல் நந்தி கொண்டுபோனோம். அதைப் பீடத்தில் இறக்க மூன்று திருகு ஜாக்கிகள் எங்களிடம் இருந்தன. அவற்றின் திருகுப் புரிகளில் எப்போதும் மாட்டுக்கொழுப்பு பூசியிருப்போம். நந்திக்கு அடியில் மாட்டுக்கொழுப்பா என்று கோவில் காரியக்காரர் மறித்துவிட்டார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு ஜாக்கிகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, தேங்காயெண்ணெய் ஊற்றினோம். மூன்றாவது ஜாக்கி கழுவாமல் வண்டியிலேயே கிடந்தது.

பீடத்தின்மேல் பலகைகளை அடுக்கி, நந்தியை அதற்குமேல் ஜாக்கிகளில் தாங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துவோம். என் கூட்டாளி அடியிலிருந்து ஒரு பலகையை உருவுவான். பாதியில் வலப்பக்கத் திருகு இறுகிக்கொண்டது. திருகைச் சுற்றும் கம்பியைப் பிடித்து இருவர் தொங்கினோம். சட்டென்று அது இளகியதில் நந்தி சரிந்து, பலகையைப் பிடித்திருந்த அவன் கைமேல் உட்கார்ந்தது. திரும்ப உயர்த்தப் பார்த்தோம். திருகு அசையவில்லை.

ஜாக்கியின் அடியில் எண்ணெய் வழிந்து தேங்கியிருந்தது. புரியைத் தொட்டால் காய்ந்து சுட்டது. விரலில் இரும்புத்தூள் ஒட்டியது. பாரம் அமுக்கியதும் எண்ணெய் வெளியே ஓடிவிட, இரும்பை இரும்பு கடித்துக்கொண்டது. கொழுப்பு அப்படி ஓடாது. எவ்வளவு அமுக்கினாலும் அப்பிக்கொண்டு கிடக்கும்.

"ஏலே மக்கா, நந்திக்கு என் கை பிடிச்சுப்போச்சு போல" என்றான் கூட்டாளி. உதடு வெளுத்திருந்தது.

நான் காரியக்காரரிடம் போனேன்.

"வண்டியில இன்னொரு ஜாக்கி கெடக்கு, ஐயா. அதைக் கழுவல்ல."

"கழுவிட்டு வையி."

"கழுவுனா அதுவும் இப்படித்தான் நிக்கும்."

அவர் நந்தியைப் பார்த்தார். பலகையில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"கொளத்துல தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாத்துட்டு வாறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஓடிப்போய் வண்டியில் கிடந்த ஜாக்கியை எடுத்துவந்து கல்லுக்கு அடியில் நிறுத்தினேன். பழைய கொழுப்பு வீச்சம் அடித்தது. கம்பி சத்தமில்லாமல் சுற்றியது. கல் எழுந்தது, கை வந்தது. இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. அவை பிறகு மடங்கவேயில்லை. அவனை மாட்டுவண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அதே ஜாக்கியை வைத்து மிச்ச வேலையை முடித்தோம்.

காரியக்காரர் அதுவரை குளத்தங்கரையிலேயே நின்றார். வேலை முடிந்ததும் வந்தார். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பீடத்தைத் தன் கையாலேயே கழுவினார். சுவரோரம் கொழுப்போடு இருந்த ஜாக்கியைக் கழுவச் சொல்லவில்லை.