ரொறன்ரோவுக்குப் போன மிளகாய்த்தூள்

மாக்கிரட் அக்கா லாசாலில் ஒரு லொறிக் கொம்பனியின் களஞ்சியத்தில் பதினொரு வருடம் பெட்டி தூக்கியவர். எந்தப் பெட்டி எந்த லொறிக்கு என்று பட்டியலைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். மேற்பார்வையாளர் வேலையை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அது அவரிடமே வேலை பழகிய வெள்ளைக்காரர்களுக்குப் போனது. கடைசி முறை மனேஜர் எல்லோர் முன்னாலும், "உன்னைப் போன்ற ஆட்கள் தூக்கத்தான் சரி" என்றான். அக்கா எதிர்த்துக் கேட்டார். அடுத்த கிழமை அவருக்கு வேலை இல்லை.

அந்த வார்த்தையை ஒரு நீதிபதி முன்னால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் ஆசை. பயந்து பயந்து பத்து மாதம் கழித்துத்தான் மாகாண மனித உரிமை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தார். அங்கே இரண்டு வருட அவகாசம் உண்டு என்பதால், அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த நானும் அவசரப்படுத்தவில்லை.

வேலை போன பதினாலாம் மாதம் இரு பகுதியையும் விசாரிக்கக் கூப்பிட்டார்கள். பிரெஞ்சு மொழிபெயர்க்க நான் போனேன். கொம்பனி வக்கீல் மனேஜரின் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சிரித்தபடி, லொறிகள் எங்கே போகும் என்று மட்டும் கேட்டான்.

அக்காவுக்கு முகமெல்லாம் பெருமை. "கிழமைக்கு நாலு லொறி ரொறன்ரோவுக்குப் போகும். ஸ்காபரோவில இருக்கிற தங்கச்சிக்கு மிளகாய்த்தூளும் அதிலதான் அனுப்பினனான்." அந்தப் பொதி லொறியில் இருக்கும் படத்தையும் கைபேசியில் காட்டினார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வக்கீல் படத்தில் ஒரு பிரதி கேட்டான். அக்கா அவனுக்கு "மெர்சி" என்று நன்றி வேறு சொன்னார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. லொறிகள் மாகாண எல்லை தாண்டுவதால் கொம்பனி மத்திய அரசின் சட்டத்துக்குக் கீழ் வருகிறதாம். இந்த அலுவலகம் விசாரிக்க முடியாது, ஒட்டாவாவில்தான் கேட்க வேண்டுமாம்.

"அங்க கேப்பினம்தானே, பிரஷாந்தினி?"

"அங்க வேலை போய் ஒரு வருசத்துக்குள்ள குடுக்கவேணும், அக்கா. பிந்தினால் எடுக்கிறதும் விடுறதும் அவையின்ர விருப்பம்."

அக்கா விரல் மடித்து மாதங்களை எண்ணினார். பன்னிரண்டில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அதுக்குத்தான் அவன் லொறியைக் கேட்டவனோ?"

"ஓம், அக்கா."

"நீ ஏன் பிள்ளை என்னை மறிக்கேல்லை?"