கண் பட்ட உடம்பு

பாலக்கரை ஜிம்மில் கலையரசன் பயிற்சியாளன். சென்ற ஆடியில், அவனுடைய கூட்டாளி பிராங்க்ளின் அதே கூடத்தில், எடையைக் கீழே வைத்த கையோடு சரிந்து செத்தான். மார்பும் தோளும் புடைக்க வேண்டுமென்று இருவரும் ஒரே குப்பியிலிருந்து ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

ஊர் வேறு கதை சொன்னது. போட்டி மேடையில் எண்ணெய் பூசி நின்ற உடம்பின்மேல் கண் பட்டுவிட்டதாம். நெஞ்சு அடைத்த நாளெல்லாம் பிராங்க்ளினின் அம்மா ரோசரி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறாள். நெடி ஏறவில்லை, கண்தான் என்று முடிவாயிற்று. ஊசி விற்றவன் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறான். கண்ணைக் குற்றவாளியாக்கிவிட்டால் கைது செய்ய ஆளே வேண்டாமே!

பிறகு கலையரசனுக்கும் படியேறினால் இளைத்தது. படுத்தால் பக்கத்தில் பிராங்க்ளின் மூச்சு வாங்குவது கேட்கும். விழித்தால் அது தன்னுடைய மூச்சு. ஸ்ரீரங்கத்து வீட்டில் மனைவி சுபஸ்ரீ மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடி ஏறவில்லை. அவள் கண்ணைச் சபித்தாள். அவனுக்குக் குப்பி நினைவுக்கு வந்தது. மறுநாளே கே.கே. நகரில் ஓர் இதய மருத்துவரிடம் போனார்கள்.

எக்கோ எடுத்த டாக்டர் அல்ஷிஃபா ஊசி போடுவதுண்டா என்று கேட்டார். இல்லை என்றான்; உடற்பயிற்சியால் பெருத்த இதயம் என்றான். அப்படிப் பெருத்த இதயம் நன்றாகத் தளர்ந்து விரியும் என்றார் அவர். இவனுடைய இடப்பக்கச் சுவர் தடித்து இறுகிக் கிடந்தது; இரத்தத்தைத் தள்ளும் பலமும் குறைந்திருந்தது. அடுத்து, மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கறுத்த தசைக்கு நடுவே வெள்ளையாக ஒரு கீற்று. தழும்பு.

"எல்லாரும் இவர் உடம்பையே பாக்குறாங்க டாக்டர். கண்ணுதாங்க" என்றாள் சுபஸ்ரீ.

"நாங்களும்தாம்மா பாத்தோம். உள்ள பாத்தோம்."

கலையரசன் அந்த ஊசி மருந்தின் பெயரைச் சொன்னான். "நானும் பிராங்க்ளினும் ஒண்ணாத்தான் போட்டோம்." சுபஸ்ரீ அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று டாக்டரிடம் கேட்டான்.

"யாரும் படம் எடுக்கலையே. எப்படிச் சொல்றது?"

ஊசியை விட்டால் தடிப்பு குறையலாம், பலமும் ஓரளவு திரும்பலாம். தழும்பு போகாது என்றார் டாக்டர். விட்டுவிட்டான். மாத்திரை சாப்பிடுகிறான். சதை வற்றியதும் அவனிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறு பயிற்சியாளனைத் தேடிப் போனார்கள். அடுத்த எம்.ஆர்.ஐ. தையில். அந்தக் கீற்று நீண்டிருக்குமோ என்ற கேள்வியோடுதான் தினமும் காவிரிப் பாலத்தைக் கடக்கிறான்.