பளபளவென்று துலக்கிய கம்பி

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றில் நான் சூப்பர்வைசர். குக்கர் மூடி, ஜன்னல் சட்டம், பைக் என்ஜின் துண்டு என்று எது வந்தாலும் ஒரே உலையில் கொட்டிய இடம் அது. வகை பிரித்து உருக்கினால் புதுசுக்குச் சமமாக விலை போகும், தாதுமண்ணைத் தோண்டி எடுக்கும் செலவும் கரண்டும் மிச்சம் என்று முதலாளியிடம் பேசிப் பேசியே ஒப்புக்கொள்ள வைத்தவன் நான்தான். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பிரிக்கும் வேலை அயனம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு அக்காவின் பொறுப்பு. நூலில் கட்டிய காந்தத்தைத் துண்டு துண்டாகக் காட்டி, ஒட்டுகிற இரும்புத் திருகைக் கழற்றி எறிவார். இரும்பு கலந்தால் வார்ப்பு அப்பளமாக நொறுங்கிவிடும் என்று ஒருமுறைதான் சொன்னேன். அவருக்கு அது போதும்.

ஆயுத பூஜைக்காக, உலையைக் கிளறும் இரும்புக் கம்பியை நானே உட்கார்ந்து தேய்த்தேன். அதன் மேல் எப்போதும் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். உருகிய அலுமினியத்தில் இரும்பு கரையாமல் காப்பதே அதுதான். அன்றைக்கு எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. சுரண்டி, பளபளவென்று துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலையோடு படைத்தேன். பூஜை முடிந்து உலை மூட்டியபோது மறுபடி பூச வேண்டும் என்பதே நினைவில்லை. கம்பியை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, லாரிக்காரனோடு போனில் கத்திக்கொண்டு மத்தியானம் வரை திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே எடுத்தால் நுனி பாதியாக இளைத்திருந்தது.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. மீதி இரும்பு உலைக்குள் கரைந்து கலந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் கம்பியை இரும்புக் குப்பைக்குள் செருகினேன். கட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பியும் விட்டேன்.

வாங்கிய கம்பெனி சோதித்துப் பார்த்ததில் இரும்பு அதிகம் என்று லோடு அப்படியே திரும்பி வந்தது. "இவ்ளோ இரும்பு எப்டிய்யா வந்துச்சு?" என்று முதலாளி குதித்தார்.

"பிரிக்கும்போது திருகு எதுனா விட்டுப்போயிருக்கும் சார்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அக்கா என்மேல் பாய்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும். "பாத்துதான் போட்டேன் சார், எப்டி தப்புச்சோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது.

இரண்டு வாரம் கழித்து அக்கா பட்டறை கேட் அருகே நின்றார். மூக்கில் புதுக் கண்ணாடி.

"கண்ணு காட்டிக்கினு வந்தேன் சார். கண்ணு நல்லாத்தான் கீதுன்னாரு டாக்டரு. கடையாண்ட போய் நானே கண்ணாடி வாங்கிக்கினேன். இனிமே ஒரு திருகு தப்பாது. மொதலாளியாண்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் வேலை போகும், என் பேச்சை நம்பித் தொடங்கிய பிரிப்பு வேலையும் நின்றுபோகும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். "சரிக்கா, பேசிப் பாக்கறேன்" என்றேன். முதலாளியிடம் போய், பாவம், இன்னொரு தடவை பார்க்கலாமே என்று கெஞ்சினேன். உனக்கு நல்ல மனசுய்யா என்று அவர் முதுகில் தட்டியபோது கூனிக் குறுகிப் போனேன்.

இப்போது அக்கா ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை காந்தத்தில் காட்டுகிறார். புதிதாகச் சேரும் பெண்களிடம், "என்னாண்டதான் தப்பு. இந்த சாருதான் மன்னிச்சி உள்ள சேத்துக்கினாரு" என்று சொல்லித்தான் வேலையைத் தொடங்குகிறார். நேற்றும் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.