அமலி துடைத்த பெட்டி

வந்தவர் பேராசிரியரானாலும் பத்திரிகைக்காரனானாலும் சுரங்க வாயிலில் அமலி முதலில் பார்ப்பது கைகளைத்தான். "ஏனுங்க, வாழப்பழம் தின்னீங்களா?" என்று கேட்கிறார். தின்றிருந்தால் சோப்புப் போட்டு முழங்கைவரை மூன்று தடவை கழுவ வேண்டும். செய்தி எழுதப் போன நான், தின்னவில்லையென்று புளுகிப் பார்த்தேன். மோப்பம் பிடித்துக் குழாயடிக்கு அனுப்பிவிட்டார்.

மாரமங்கலம் பஸ் போகும் சாலைக்குக் கீழே, அந்தப் பழைய சுரங்கத்தின் கோடியில், ஈயச்சுவருக்கு நடுவே ஒரு செம்புப் பெட்டி. அதற்குள் ஒரு படிகம். பிரபஞ்சமெங்கும் நிறைந்தும் கண்ணில் படாத கரும்பொருளின் துகள் என்றைக்காவது அதில் மோதினால் மின்மினிபோல் ஒரு பொறி தெரியுமாம். தொல்லை என்னவென்றால், வாழைப்பழம், வியர்வை, சாம்பல் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியமும் பொறியைக் கிளப்பிவிடும். அதனால் பெட்டியைத் துடைப்பதற்கென்றே அமலி. எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கிய கண். ஒரு தூசி தப்பாது.

சென்ற ஆண்டு சாம்பல் புதனன்று அவர் துடைத்து மூடிய பிறகு பொறிகள் கூடின. மூன்று மாதமாகியும் குறையவில்லை. கரும்பொருள் அகப்பட்டுவிட்டதென்று இளம் ஆய்வாளர்கள் குதித்தார்கள். அழுக்காக இருக்குமோ என்று ஒருவர் இழுத்தபோது, ஆய்வுத் தலைவி சுதாராணி, அமலி துடைத்த பெட்டியில் அழுக்குக்கு வழியில்லை என்று வாயை அடைத்துவிட்டார். கட்டுரையும் தயாரானது.

அந்த நம்பிக்கைதான் அமலியைக் குடைந்தது. பூசையில் நெற்றியில் வாங்கும் சாம்பலைத் தானாக உதிரும்வரை அழிக்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். அன்று அதோடுதான் வேலைக்கு வந்திருந்தார். மாலையில் கண்ணாடி பார்த்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. சொன்னால் வேலை போகும். அதைவிட, பெயர் போகும்.

கட்டுரை அனுப்புவதற்கு முந்தைய நாள் போய் நின்றார்.

"மேடம், அது நீங்க தேடுறது இல்லீங்க. என்ர நெத்திச் சாம்பலுங்க. தொப்பிய இழுத்து மறைச்சுக்கிட்டு உள்ள குனிஞ்சேனுங்க."

யாருமே அவர்மேல் சந்தேகப்படாத தப்பு அது. அவர் இடத்தில் நானிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

சுதாராணி பெட்டியைத் திறக்கும்படி அமலியிடமே சொன்னார். ஈரத்துணியால் உள்மூலையை ஒற்றியெடுத்தபோது கடுகளவும் தேறாத ஒரு கறை வந்தது. அமலி சிலுவை போட்டுக்கொண்டார். துணியைப் பைக்குள் போட்டு ஒட்டினார். சோதனைக்குப் போகும் அந்தப் பையின் சீட்டில் 'எங்கிருந்து வந்தது' என்ற இடத்தில், பேனாவை அழுத்திப் பிடித்து, தன் முழுப்பெயரையும் எழுதினார்.